மாயா (இசைத்தொகுப்பு)

மாயா, ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ.வின் (மாதங்கி அருள்பிரகாசம், பிறப்பு 1975) மூன்றாவது இசைத்தொகுப்பு. எக்ஸ்எல், இன்டர்ஸ்கோப் நிறுவனங்களும் அவருடைய சொந்த நிறுவனமான நீட்டும் சேர்ந்து 2010 ஜூலையில் வெளியிட்டன. முதல் தொகுப்பு தந்தையின் இயக்கப் பெயரையும் (அருளர், 2005), இரண்டாவது தாயின் பெயரையும் (கலா, 2007) தாங்கின. மூன்றாவதற்குத் தம் வீட்டுப் பெயரையே வைத்தார். அவருடைய தொகுப்புகளில் கேட்போரிடையே அதிகம் விவாதத்தைக் கிளப்பியது இதுதான். இசைக்கு மெருகு எவ்வளவு வேண்டும் என்பதே அந்த விவாதத்தின் மையம்.

பின்னணி

எம்.ஐ.ஏ. இசைக்கு வந்தது பங்க் வழி. லண்டனில் திரைக்கலை படித்த அவர், எலாஸ்டிகா குழுவின் இரண்டாவது தொகுப்புக்கு (2000) அட்டை வடிவமைத்தார். அக்குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் உடன் சென்றார். 1970களின் இறுதியில் இயங்கிய வயர் போன்ற போஸ்ட்-பங்க் குழுக்களின் சுருக்கமும் வெட்டும் எலாஸ்டிகாவின் பாடல்களில் உண்டு. அந்தப் பயணத்தில்தான் பாடகி பீச்சஸ் மூலம் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக்கருவி அவருக்கு அறிமுகமானது. இசைப் பயிற்சி இல்லாதவரும் பொத்தானை அழுத்திப் பாட்டுக் கட்டலாம் என்ற துணிவை அது தந்தது. ‘அருளர்’ தொகுப்பின் பாடல்கள் இந்தக் கருவியில் உருவெடுத்தவை.

‘கலா’வின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலில் உறுமி மேளம் முன்னே நிற்கிறது. ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா அமைத்த இசையின் ஒரு துண்டு ஒலிக்கிறது. பங்க் குழுவான தி கிளாஷின் பாடலிலிருந்து எடுத்த கிட்டார் துண்டின் மேல் கட்டப்பட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’, 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. அடுத்த தொகுப்பு இன்னும் வழவழப்பாக, வானொலிக்கு ஏற்றதாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பை இந்த வெற்றி வளர்த்தது.

இசை

தொகுப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸில் எம்.ஐ.ஏ.வின் வீட்டில் உருவானது. பிளாக்ஸ்டார், ரஸ்கோ, டிப்லோ, ஸ்விட்ச், ஸ்லே பெல்ஸ் குழுவின் டெரெக் மில்லர் ஆகியோர் தயாரிப்பில் பங்கேற்றனர். ‘ஸ்டெப்பின் அப்’ பாடலில் துளையிடும் எந்திரத்தின் ஓசையே தாளமாகிறது. ‘பார்ன் ஃப்ரீ’, சூசைட் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் ஒலித்துண்டின் மேல் நிற்கிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ’ தேய்த்து மினுக்கிய பாப் பாடல். ‘ஸ்பேஸ்’ மெல்லிய மிதப்பு. அட்டைப் படத்தில் யூட்யூப் ஓடுபட்டைகள் பாடகியின் முகத்தை மறைக்கின்றன. இணையத்தின் நெரிசலைக் காதுக்கும் கண்ணுக்கும் கொண்டுவருவதே தொகுப்பின் நோக்கம்.

வரவேற்பு

மெட்டாகிரிட்டிக் தளம் திரட்டிய விமர்சனங்களின் சராசரி 100க்கு 68. அந்தச் சராசரிக்குப் பின்னால் எதிரெதிர் முனைகள் இருந்தன. பிட்ச்ஃபோர்க் இதழ் பத்துக்கு 4.4 மட்டுமே தந்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ போன்ற பாடல்களைத் தேடியவர்களுக்கு, இரைச்சல் மெட்டை விழுங்கிவிட்டதாகப் பட்டது. முதலிரு தொகுப்புகளின் கரடுமுரடை விரும்பியவர்களில் சிலரோ ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ’வைச் சமரசம் என்றனர். ஒரே தொகுப்பை ஒரு சாரார் மெருகு போதாது என்றும் மறுசாரார் மெருகு மிஞ்சிவிட்டது என்றும் குறை கூறினர். இரைச்சலும் மெருகும் ஒன்றோடொன்று ஒட்டாத அந்தத் தன்மைதான் தொகுப்பின் உயிர் என்று பாராட்டியவர்களும் உண்டு.

இசைக்கு வெளியே நடந்தவையும் கருத்தைப் பாதித்தன. செம்பட்டை முடி கொண்ட இளைஞர்களைப் படையினர் வளைத்துப் பிடித்துக் கொல்வதாக ரொமேன் காவ்ராஸ் இயக்கிய ‘பார்ன் ஃப்ரீ’ காணொளியை யூட்யூப் நீக்கியது. இலங்கைப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் வந்த காணொளி அது. 2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் மாகசின் வெளியிட்ட நீண்ட கட்டுரை, பாடகியின் வசதியான வாழ்க்கையை அவருடைய அரசியல் பேச்சோடு ஒப்பிட்டது. அதன்பின் பாடலின் ஒலியோடு பாடுபவரின் நேர்மையும் சேர்த்தே எடைபோடப்பட்டது.

பின்னாளில்

முதல் பாடலான ‘தி மெசேஜ்’, இணையமும் கூகுளும் அரசோடு பிணைந்திருப்பதாகச் சொல்கிறது. 2010இல் இது வெற்று அச்சம் என்று எள்ளப்பட்டது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க அரசின் கண்காணிப்பை வெளிக்கொணர்ந்தபின், தொகுப்பைத் திரும்பக் கேட்டவர்கள் அதை வேறு விதமாக மதிப்பிட்டனர்.

அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் ‘கலா’ எட்டியது 18ஆம் இடம். ‘மாயா’ 9ஆம் இடம். பிரித்தானியாவில் அது 21ஆம் இடம் பெற்றது. 2013இல் வந்த ‘மாதங்கி’ விமர்சகர்களிடம் கூடுதல் பாராட்டைப் பெற்றும் பில்போர்டில் 23ஆம் இடத்தோடு நின்றது. விமர்சகர்கள் அதிகம் குறை சொன்ன தொகுப்பே அமெரிக்காவில் அவரை முதன்முறையாக முதல் பத்துக்குள் கொண்டு சென்றது.