இருட்புலத்தில் தெரிந்த சுருளி: அந்தமானும் எலிக்காய்ச்சலும்

அந்தமான் தண்டனைக் குடியேற்றமாக இருந்த காலத்தில், 1931ஆம் ஆண்டு, டெய்லர், கோயல் என்னும் இருவர் அத்தீவுகளில் காணப்பட்ட லெப்டோஸ்பைரா நோய் குறித்து விரிவான ஆய்வேடு ஒன்றை வெளியிட்டனர். இன்று எலிக்காய்ச்சல் என வழங்கும் நோய்தான் அது.

அதன் கிருமியைக் காண்பது எளிதன்று. சுருள் வடிவான அவ்வுயிரியின் தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர். அபே 1873இல் வகுத்த வரையறைப்படி ஒளி நுண்ணோக்கி பிரித்துக்காட்டக்கூடிய அளவோ சுமார் 0.2 மைக்ரோமீட்டர். வழக்கமான சாயங்களும் அதில் சரியாக ஏறுவதில்லை. இருட்புல நுண்ணோக்கி இச்சிக்கலைச் சுற்றிச் சென்றது. நேராக வரும் ஒளியைத் தடுத்து, சாய்கதிர்களை மட்டும் பொருளின்மீது விழச்செய்தால், பொருளில் பட்டுச் சிதறும் ஒளி மட்டுமே கண்ணை அடையும். ஓட்டின் இடுக்கு வழியே இறங்கும் வெயிலில் தூசி மின்னுவதும் இவ்வாறுதான். அபேயின் எல்லை இதனால் மீறப்படவில்லை. கிருமி தெரிகிறது, அதன் நுண்ணமைப்பு தெரிவதில்லை. (1907இல் வெள்ளிச் சாயமேற்றிய சிறுநீரகத் திசுவில் இதைக் கண்ட ஸ்டிம்சன், வளைந்த நுனியைக் கேள்விக்குறியாகக் கண்டு ‘இன்டர்ரொகன்ஸ்’ எனப் பெயரிட்டார். நிறுத்தற்குறியின் பெயர் தாங்கிய கிருமி வேறு உண்டா?)

ஆனால் இருட்புலம் ஏமாற்றவும் செய்யும். குருதியிலுள்ள ஃபைப்ரின் இழைகளும் சிவப்பணுச் சிதைவுகளும் அப்படியே நெளியும். ஆகவே இக்கருவியின் பெரும்பயன் வேறிடத்துக்கு நகர்ந்தது: நோயாளியின் சீரத்தை உயிருள்ள லெப்டோஸ்பைராக்களுடன் கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா எனப் பார்ப்பது. கிருமியைத் தேடிய கண் இப்போது உடலின் எதிர்வினையைத் தேடியது.

1980களின் இறுதியிலிருந்து வட அந்தமானின் திக்லிப்பூர்ப் பகுதியில், மழைக்காலத்தை ஒட்டி, குருதிக்கசிவுடன் கூடிய காய்ச்சல் பரவியது. காரணம் தெரியாததால் ‘அந்தமான் குருதிக்கசிவுக் காய்ச்சல்’ என இடப்பெயரே நோய்ப்பெயராயிற்று. அது லெப்டோஸ்பைரா நோயே என்பதைச் சேகலும் அவருடைய குழுவினரும் 1995இல் எழுதினர். அதே ஆண்டு நிகராகுவாவிலும் நுரையீரல் குருதிக்கசிவாகவே இந்நோய் வெளிப்பட்டது. மஞ்சள் காமாலையோடு சேர்த்தே இதை நினைத்துப் பழகிய மருத்துவம் தடுமாறியதைப் புரிந்துகொள்ளலாம். ஆயினும் அதே தீவுகளைப் பற்றிய ஆய்வேடு அறுபதாண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தது. இங்கே குறைபட்டது வில்லை அன்று, வாசிப்பு.

1983இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் பின்னர் இந்நோய்க்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாயிற்று. ‘அந்தமான் காய்ச்சல்’ என்னும் பெயர் வழக்கொழிந்துவிட்டது. ‘அந்தமானா’ என்னும் சீரவகைப் பெயர் மட்டும் லெப்டோஸ்பைராப் பட்டியல்களில் இன்றும் உள்ளது.