சீட்டுக்கு அடியில் நுழைந்த கம்ப்யூட்டர்

காலேஜ் அட்மிஷன் சீசன். "எந்த லேப்டாப் வாங்கலாம்?"னு கேட்டு நிறைய மெசேஜ் வந்திருக்கு. எந்த ப்ராசஸர், எத்தனை ஜிபின்னு சொல்ற வீடியோ ஏற்கெனவே ஆயிரம் இருக்கு. அதனால இன்னைக்கு நான் எந்த மாடலையும் வாங்கச் சொல்லப் போறதில்லை. கையில தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர் எப்படி வந்துச்சுங்கற கதையைச் சொல்றேன். வீட்ல நகையை அடகு வெச்சோ, ஈஎம்ஐ போட்டோ ஒரே ஒரு தடவை வாங்கித் தர்ற பொருள் இது. 4 வருஷம் ஓடணும். இதே கேள்விகளோட மல்லுக்கட்டினவங்க எங்க ஜெயிச்சாங்க, எங்க சறுக்கினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா நமக்குத்தான் லாபம்.

கதையோட நாயகன் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். சத்தியமா!

ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர், ரமண மகரிஷியைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அவருடைய மகன் ஆடம், 1939-ல் பாங்காக்கில் பிறந்தார். உலகப் போர் நெருங்கி வந்த நேரத்தில் அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்கள். அப்பா ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் குடும்பத்தோடு சேர முடிந்தது. ஆடம் கொடைக்கானலில் ஒரு கான்வென்ட் பள்ளியில் படித்தார். 11 வயதில் இங்கிலாந்து போனார். அங்கே கெமிக்கல் இன்ஜினியரிங், பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம். ஆனால் பெயர் வாங்கித் தந்தது வேறு வேலை. கம்ப்யூட்டர் சிப்புகளைப் பற்றிச் சாதாரண ஆளுக்கும் புரிகிற மாதிரி புத்தகங்கள் எழுதிப் பதிப்பித்தார்.

1981 ஏப்ரலில் ஒரு கண்காட்சியில் அவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பெயர் ஆஸ்போர்ன் 1. தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் அதுதான் கீபோர்டு. நடுவில் 5 இன்ச் திரை, இரண்டு பக்கமும் ஃப்ளாப்பி டிரைவ். மெமரி 64 கேபி. எடை சுமார் 11 கிலோ. உள்ளே பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் பிளக் பாயின்ட் தேடணும்.

11 கிலோவைப் போய் 'போர்ட்டபிள்'னு சொல்றதான்னு சிரிக்காதீங்க. அதுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. விமான சீட்டுக்கு அடியில் அது நுழையணும். அந்த இடத்துக்கு ஏத்த மாதிரிதான் லீ ஃபெல்சன்ஸ்டீன் என்ற இன்ஜினியர் மெஷினை வடிவமைத்தார். உள்ளே புதுக் கண்டுபிடிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கடையில் கிடைத்த பாகங்கள்தான். போதுமான அளவுக்கு இருந்தால் போதும் என்பதுதான் ஆஸ்போர்னின் கொள்கை.

விலை 1,795 டாலர். அந்த விலைக்குள்ளேயே டைப் அடிக்க வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், புரோகிராம் எழுத பேசிக் மொழி, எல்லாம் வந்தது. தனியாக வாங்கினால் சாஃப்ட்வேருக்கு மட்டுமே கிட்டத்தட்ட 1,500 டாலர் ஆகும். உச்சத்தில் மாதம் 10,000 பெட்டிகள் விற்றன.

இங்கதான் எனக்கு முதல் பாடம் தெரியுது. ஸ்பெக் ஷீட்டிலிருந்து அவர் ஆரம்பிக்கலை, இடத்திலிருந்து ஆரம்பிச்சார். நமக்கு விமான சீட் இல்லை. 8 மணி பஸ்ல மடியில வெச்சிருக்கிற பை இருக்கு, ஹாஸ்டல் மூணாவது மாடி இருக்கு, கிளாஸ்ரூம்ல பாதி பெஞ்சு இருக்கு. கடையில எடை கேட்கும்போது சார்ஜரையும் சேர்த்துக் கேளுங்க. கேமிங் லேப்டாப் நிறைய 2 கிலோவைத் தாண்டும். அதோட சார்ஜரே ஒரு செங்கல் மாதிரி இருக்கும்.

ஆனால் 'போதும்' என்பதை எல்லாத்துலயும் சொல்ல முடியாது. அந்த 5 இன்ச் திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். முழு வரியையும் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்கணும். 1982-ல் கேப்ரோ என்ற போட்டி கம்பெனி 9 இன்ச் திரையோடு வந்தது. ஒரு வரிக்கு 80 எழுத்து. வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். 2007-ல் ஏசுஸ் கம்பெனியின் ஈ பிசி 7 இன்ச் திரையோடு, ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் வந்தபோதும் இதே கதைதான். தூக்க சுகம், ஆனால் மணிக்கணக்கில் படிக்க முடியலை. நாலு மணி நேரம் பிடிஎஃப் பார்க்கப்போற கண்ணும் உங்களுடையதுதான்.

பேட்டரிக்கு வருவோம். 1983-ல் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்று ஒன்று வந்தது. திரையில் 8 வரிதான். எடை சுமார் 1.4 கிலோ. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்தச் சின்ன செல் 4 போட்டால் 20 மணி நேரம் வரைக்கும் ஓடும். பத்திரிகை நிருபர்கள் அதைக் கொண்டாடினார்கள். பிளக் பாயின்ட் தேடாமல், நின்ற இடத்திலேயே செய்தி அடிக்க முடிந்தது. வேலை என்னன்னு தெரிஞ்சா எதை விட்டுக்கொடுக்கலாம்னும் தெரியும். கிளாஸ்ல நோட்ஸ் எடுக்கிறவருக்குப் பேட்டரி முக்கியம். ஹாஸ்டல் ரூம்லயே உட்கார்ந்து 3டி டிசைன் பண்றவருக்கு அவ்வளவு இல்லை.

இன்னொண்ணு. 2008-ல் ஆப்பிள் மேக்புக் ஏர், 1.36 கிலோ. மேடையில் ஒரு காகித உறையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார் ஸ்டீவ் ஜாப்ஸ். மெலிசாக்க ஒரு விலை கொடுத்தார்கள்: ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, பின்னாடி கூட்ட முடியாது. இன்னைக்கு மெலிசான லேப்டாப் பலவற்றில் இதுதான் நிலைமை. அதனால "அப்புறமா ரேம் போட்டுக்கலாம்"னு கடைக்காரர் சொன்னா, அந்த மாடலில் ஸ்லாட் இருக்கான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

சரி, ஆடம் ஆஸ்போர்ன் என்ன ஆனார்? 1983 ஆரம்பத்தில், அடுத்து எக்ஸிக்யூட்டிவ்னு இன்னும் நல்ல மெஷின் வருதுன்னு பத்திரிகைகளிடம் பேசிவிட்டார். விற்பனையாளர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால். கேப்ரோ, ஐபிஎம் போட்டியும் காரணம், இது ஒண்ணுதான் காரணமான்னு இன்னும் விவாதிக்கிறாங்க. ஆனாலும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயர் வணிகப் பாடங்களில் நின்றுவிட்டது.

அதை எல்லாரும் கம்பெனிக்கான பாடமா சொல்வாங்க. நான் காத்திருந்த வாடிக்கையாளர் பக்கம் நின்னு பார்க்கிறேன். எக்ஸிக்யூட்டிவ் வந்தது. திரை 7 இன்ச், விலை 2,495 டாலர். 700 டாலர் கூட. வாங்கின சில மாதத்தில் தயாரித்த கம்பெனியே திவால். "அடுத்த மாடல் வரட்டும்"னு செமஸ்டர் முழுக்க ஃப்ரெண்டோட லேப்டாப்பைக் கடன் வாங்கிட்டு இருக்கிறவங்க இதை யோசிக்கணும். அடுத்த மாடல் எப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கும். அசைன்மென்ட் தேதி காத்திருக்காது.

பின்னாளில் உடல்நலம் குன்றி ஆஸ்போர்ன் இந்தியா திரும்பினார். 2003-ல், சின்ன வயசுல படிச்ச அதே கொடைக்கானலில் காலமானார். அதற்குப் பிறகு 8 ஆண்டு கழித்து, 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம்மில் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஷோரூமில் அதைவிட நல்லது எவ்வளவோ இருந்தது. ஆனால் புராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சது, ரெஸ்யூம் தயார் பண்ணினது, வேலைக்கு அப்ளை பண்ணினது எல்லாம் கையில் இருந்த அந்த மெஷினில்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.