வானத்திலிருந்து வந்த கரி மூட்டை

இருபது லட்சம் பேர் வாழ்கிற ஓர் ஊர். ஒருநாள் கண்விழித்துப் பார்த்தால் ரோடு கிடையாது. ரயில் கிடையாது. படகு கிடையாது. கரண்ட்டும் பெரும்பாலும் கிடையாது. கையிருப்பில் சுமார் 36 நாளைக்குச் சாப்பாடு, 45 நாளைக்கு நிலக்கரி. நீங்கள் அந்த ஊர்க்காரர் என்றால் என்ன செய்வீர்கள்?

மேற்கு பெர்லின்வாசிகளுக்கு 1948 ஜூன் 24 அப்படித்தான் விடிந்தது.

ஹிட்லர் ஒழிந்ததும் ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் பங்கு போட்டுக்கொண்டன. தலைநகர் பெர்லினையும் விடவில்லை, அதற்கும் நாலு பங்கு. வில்லங்கம் எங்கே என்றால், பெர்லின் இருந்தது சோவியத் பங்குக்கு உள்ளே, எல்லையிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. ஆகாதவன் வீட்டு நடுக்கூடத்தில் உங்களுக்கு ஓர் அறை இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி!

சண்டைக்குத் திரி கிள்ளியது பணம். போருக்குப் பிறகு ஜெர்மனியின் பழைய நோட்டுக்கு மரியாதையே இல்லை. கள்ளச்சந்தையில் சிகரெட்டைக் கொடுத்துத்தான் சாமான் வாங்கினார்கள். 1948 ஜூன் 20-ம் தேதி மேற்கத்திய நாடுகள் தங்கள் பகுதியில் 'டாய்ச் மார்க்' என்று புது நோட்டை இறக்கின. அடுத்து மேற்கு பெர்லினுக்கும் அது வந்தது. தன் வாசலிலேயே முதலாளித்துவம் கடை விரித்தால் ஸ்டாலின் சும்மா இருப்பாரா? பாதையை அடைத்தார்.

பீரங்கியோடு ரோட்டிலேயே போய்விடலாம் என்றார் அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளே. அதிபர் ட்ரூமன் ஒப்பவில்லை. போனால் மூன்றாம் உலகப்போர். போகாவிட்டால் பெர்லின் அம்பேல்.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ரோடு விஷயத்தில் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கிடையாது. ஆனால் மூன்று வான்வழிகளுக்கு 1945-லேயே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். விமானத்தை நிறுத்தவேண்டுமென்றால் சுட்டுத்தான் வீழ்த்தவேண்டும். முதல் குண்டு தன்னுடையதாக இருக்க ஸ்டாலின் விரும்பவில்லை. தவிர, அணுகுண்டு அப்போது அமெரிக்காவிடம் மட்டும்தான் இருந்தது.

பறக்க ஆரம்பித்தார்கள். தினசரித் தேவையோ குறைந்தது 4,500 டன். ஆரம்பத்தில் வந்த விமானங்கள் சுமந்தது தலா மூன்று டன் சொச்சம். கணக்கு உதைக்கிறதல்லவா? பத்து டன் சுமக்கும் விமானங்களைக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கில் முக்கால்வாசி தண்ணீர்தானே, அதை எதற்கு ஏற்றவேண்டும்? உலரவைத்து ஏற்றினார்கள். விமானம் ஒருமுறை இறங்கத் தவறினால் சுற்றி வரக்கூடாது, சரக்கோடு திரும்பிப் போகவேண்டியதுதான். பின்னால் வரிசையில் ஆள் இருக்கிறதே!

விமானி ஹால்வர்சன் கதை தனி. வேலி ஓரம் நின்ற பிள்ளைகளுக்குக் கையிலிருந்த இரண்டு சூயிங்கம் துண்டுகளைக் கொடுத்தார். கிடைக்காதவர்கள் காகிதத்தை வாங்கி மோந்து பார்த்தார்கள். மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. கைக்குட்டையில் குட்டிக்குட்டி பாராசூட் கட்டி மிட்டாய் போட ஆரம்பித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே வானத்திலிருந்து குண்டுகள் விழுந்தன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு விமானச் சத்தம் கேட்டால் பயந்த ஜனங்கள், இப்போது சத்தம் நின்றால் பயந்தார்கள்.

கிழக்கே வந்து பதிவு செய்தால் ரேஷன் உண்டு என்றது சோவியத் தரப்பு. போனவர்கள் கொஞ்சம் பேர்தான். குளிரிலும் இருட்டிலும் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

1949 மே 12-ம் தேதி ஸ்டாலின் பாதையைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகும் சில மாதம் விமானங்கள் பறந்தன. மொத்தம் சுமார் 2.78 லட்சம் தடவை. சரக்கு 23 லட்சம் டன், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் கரி! விபத்துகளில் நூறு பேர்போல உயிரை விட்டார்கள்.

கருணையா இது? கருணையும் இருந்தது. ஆனால் பெர்லினை விட்டால் ஐரோப்பாவே கைவிட்டுப் போகும் என்கிற கணக்குதான் பெரிது. ஸ்டாலின் போட்ட கணக்கோ தலைகீழாகிப் போனது. மேற்கை மிரட்டப் பார்த்தார், முற்றுகை முடிவதற்குள் நேட்டோ பிறந்துவிட்டது. அதே வருஷம் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என இரண்டு தேசங்கள். 1961-ல் பெர்லின் நடுவே சுவர்.

பட்டினி போட்டவரும் சரி, பசியாற்றியவர்களும் சரி, ஜெர்மானியர்களைக் கேட்டுக்கொண்டு தேசத்தைப் பிரிக்கவில்லை. அவர்கள் மறுபடி ஒன்றுசேர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.