ஒட்டாகோ மத்திய ரயில் தடம்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மிடில்மார்ச், கிளைட் என்னும் இரு சிற்றூர்களை இணைக்கும் 152 கிலோமீட்டர் நீளமுள்ள நடை, சைக்கிள் வழி. ரயில் நின்றுபோன பாதையில் தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் அகற்றி, சரளை பரப்பி அமைத்தது. மோட்டார் வண்டிகளுக்கு இங்கே இடமில்லை.

ஒட்டாகோ வட்டாரத்தின் உட்பகுதி மலைகளால் அடைபட்ட வறண்ட பீடபூமி. 1862இல் குளூத்தா ஆற்றங்கரையில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தார்கள். ரயில் பாதை போடத் தொடங்கிய காலத்தில் தங்க வேட்டையின் உச்சம் கடந்துவிட்டது. ஆட்டுப் பண்ணைகளையும் விளைநிலங்களையும் டுனெடின் துறைமுகத்தோடு இணைப்பதே அரசின் நோக்கம். எந்த வழியாகப் போனால் அதிக நிலம் சாகுபடிக்கு வரும் என்று பார்த்தே, பல வழிகளில் இருந்து டையரி பள்ளத்தாக்கும் மனியோடோடோ சமவெளியும் தேர்வாயின.

1879இல் டுனெடினை அடுத்த விங்கட்டுயில் வேலை தொடங்கியது. 1880களின் பொருளாதார மந்தம் பணத்தை முடக்கியது. பாறை நிறைந்த பள்ளத்தாக்கோ ஆட்களின் கைகளைச் சோதித்தது. 64 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிடில்மார்ச்சை எட்டவே 1891 ஆகிவிட்டது. ரான்ஃபர்லிக்கு 1898இலும் கிளைட்டுக்கு 1907இலும் ரயில் வந்தது. கடைசி நிலையமான குரோம்வெல்லைத் தொட்டது 1921இல். ஏறத்தாழ 236 கிலோமீட்டர் பாதைக்கு 42 ஆண்டுகள்.

அந்த உழைப்பின் தரத்தை இன்றும் பூல்பர்ன் பள்ளத்தாக்கில் பார்க்கலாம். அடுத்தடுத்து இரண்டு குகைப் பாதைகள். ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல் நீளம். அருகிலேயே 37 மீட்டர் உயரத்தில், அங்கேயே வெட்டிய பாறையால் எழுப்பிய தூண்கள் மேல் நிற்கும் இரும்புப் பாலம். குகைகளை வெட்டியவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாதை முழுவதிலும் அறுபதுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன.

இன்றைய பயணிக்கு அந்தப் பொறியாளர்கள் விட்டுச்சென்ற பெரிய சொத்து பாலமோ குகையோ அல்ல, ஏற்றத்தின் அளவுதான் என்று சொல்ல வேண்டும். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டைச் சுற்றி வளைத்து, பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி, 50 மீட்டர் போனால் ஒரு மீட்டர் மட்டுமே உயரும்படி பாதையை அமைத்தார்கள். 618 மீட்டர் உயரத்திலுள்ள உச்சிப் பகுதிக்குக்கூட முதியவர்களும் சிறுவர்களும் சைக்கிளை மிதித்தே போய்விட முடிவது இதனால்தான்.

ஆனால் எதிர்க்காற்று வீசினால் அதுவே மேடு.

ரயில் ஓடிய காலம் முழுவதும் ஆடுகளும் கம்பளி மூட்டைகளும் பழக்கூடைகளும் முயல் தோல்களும் இந்த வழியாகத்தான் கீழே இறங்கின. பெரிய துயரமும் நடந்தது. 1943 ஜூன் 4 அன்று டுனெடினுக்குப் போய்க்கொண்டிருந்த விரைவு வண்டி ஹைட் அருகே ஒரு வளைவில் மிதமிஞ்சிய வேகத்தில் தடம் புரண்டது. 21 பேர் இறந்தனர். ஓட்டுநர் குடித்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்து, அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதுவரை அந்நாடு கண்ட ரயில் விபத்துகளில் அதுவே மிகக் கொடியது. தடத்தின் ஓரத்தில் அதற்கு ஒரு கல் நினைவகம் உண்டு. போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தாமல் கடக்கக் கூடாத இடம் அது.

சாலைகள் மேம்பட்டு லாரிகள் பெருகியதும் சரக்கு குறைந்தது. பயணிகள் சேவை 1976இல் நின்றது. கிளைட் அணைக்கட்டுத் திட்டத்துக்காகக் குரோம்வெல் வரையிலான கடைசிப் பகுதி 1980இல் மூடப்பட்டது. பின்னர் அதன் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மீதிப் பாதையைச் சில காலம் உயிரோடு வைத்திருந்ததும் அதே அணைதான். கட்டுமானப் பொருள்களைக் கொண்டுவர ரயில் வேண்டியிருந்தது. அந்த வேலை முடிந்ததும், 1990 ஏப்ரல் 30 அன்று மிடில்மார்ச் முதல் கிளைட் வரையிலான பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. டுனெடினிலிருந்து மிடில்மார்ச் வரையிலான பகுதியை மட்டும் டுனெடின் நகர மன்றம் சுற்றுலா ரயிலுக்காகக் காப்பாற்றியது.

இத்தகைய பாதைகள் வழக்கமாகத் துண்டு துண்டாக விற்கப்பட்டுப் பண்ணைகளுக்குள் கரைந்துவிடும். ஒருமுறை துண்டானால் மறுபடி சேர்ப்பது அநேகமாக முடியாத காரியம். 1993இல் நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை முழு நீளத்தையும் ஒரே பட்டையாகத் தன்வசம் எடுத்ததே இத்தடத்தின் வரலாற்றில் ஆகப் பெரிய முடிவு. அடுத்த ஆண்டு அமைந்த அறக்கட்டளை ஒன்று நிதி திரட்டியது. பாலங்களில் பலகை பதித்து, கைப்பிடி வைத்து, பகுதி பகுதியாகத் திறந்து, 2000ஆம் ஆண்டில் முழுத் தடமும் முறைப்படி தொடங்கியது.

சைக்கிளில் வந்து யார் காசு செலவழிக்கப் போகிறார்கள் என்ற ஐயம் உள்ளூரில் முதலில் இருந்தது. இன்று வழிநெடுகப் பழைய வீடுகளும் பள்ளிக்கூடங்களும் தங்கும் விடுதிகளாகியுள்ளன. சைக்கிள் வாடகை, மூட்டை சுமக்கும் வண்டி, உணவகம் என்று வாழ்கிற குடும்பங்கள் பல. ரயில் பாதையைப் பராமரித்த கேங்மேன்களின் கொட்டகைச் சாயலில் அமைத்த சிறு குடில்களில் அந்தந்த இடத்தின் கதை எழுதி வைக்கப்பட்டுள்ளது. கிரகாம் சிட்னியின் ஓவியத்தால் புகழ்பெற்ற வெட்டர்பர்ன் சரக்குக் கொட்டகை, ரயில் நின்றபின் வேறிடத்துக்குப் போய்விட்டிருந்தது. அதை மீட்டு மீண்டும் தடத்தோரம் நிறுத்தியிருக்கிறார்கள்.

2021இல் கிளைட்டிலிருந்து குரோம்வெல்லுக்கு, அணையால் உருவான ஏரியின் கரை வழியாக வேறொரு சைக்கிள் தடம் திறக்கப்பட்டது. ரயில் போய்ச் சேர்ந்த ஊருக்கு இனி சைக்கிளிலும் போகலாம். அணை நீரில் மூழ்கிய பாதை மட்டும் திரும்பவில்லை.

முழுத் தடத்தையும் சைக்கிளில் கடக்கப் பலர் மூன்று முதல் ஐந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். குளிர்காலத்தில் கவனம் வேண்டும். தடத்தை ஒட்டிய ஓஃபிரில் 1995 ஜூலையில் உறைநிலைக்குக் கீழ் 21.6 பாகை பதிவாகியுள்ளது. எந்தப் பருவத்தில் போனாலும் கைவிளக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்; பூல்பர்ன் குகைகளில் விளக்கு கிடையாது.