தரவுக் கோப்புகளின் உரிமத் தடை (கட்டற்ற மென்பொருள்)

தரவுக் கோப்புகளின் உரிமத் தடை என்பது, ஒரு நிரல் கட்டற்றதாக இருந்தும் அது பயன்படுத்தும் பிறருடைய தரவுக் கோப்புகளைப் பொதியாக்கி வழங்க இயலாத நிலையைக் குறிக்கும். எழுத்துருக்கள், ஆட்டங்களின் படங்கள், ஒலிகள், சொற்பட்டியல்கள் முதலியன இத்தகைய தரவுகளாகும்.

காரணங்கள்

நிரலுக்கும் தரவுக்கும் பதிப்புரிமை தனித்தனியானது. இலவசமாகப் பதிவிறக்கும் அனுமதி, மறுபகிர்வுக்கும் மாற்றத்துக்கும் அனுமதி ஆகாது. உரிமம் எதுவும் குறிப்பிடப்படாத கோப்பையும் பிறர் பகிர இயலாது. வணிகப் பயன்பாட்டை விலக்கும் உரிமங்களும் தடையாகின்றன. ஏனெனில் கட்டற்ற வழங்கலின் வட்டுகளை எவரும் விற்கலாம். டெபியன் திட்டம் 1997 இல் வகுத்த கட்டற்ற மென்பொருள் வழிகாட்டல்கள், பயன்பாடு, மாற்றம், மறுபகிர்வு ஆகிய உரிமைகளை வலியுறுத்துகின்றன. இவை நிரல்களுக்கு மட்டுமன்றித் தரவுகளுக்கும் ஆவணங்களுக்கும் பொருந்தும் என்பது 2004 இல் நடந்த வாக்கெடுப்பில் தெளிவாக்கப்பட்டது.

எழுத்துருக்கள்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996 இல் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், வெர்டானா முதலிய எழுத்துருக்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. மூலக் கோப்புகளை மாற்றமின்றி அப்படியே பகிர்வதற்கு மட்டுமே உரிமம் இடமளித்தது. அக்கோப்புகளோ விண்டோஸ் நிறுவி வடிவில் இருந்தன. எனவே எழுத்துருக்களைப் பிரித்தெடுத்து லினக்சுப் பொதியாக வழங்க இயலவில்லை. 2002 இல் நிறுவனம் தன் தளத்திலிருந்து அவற்றை நீக்கியது. எனினும் உரிமம் அனுமதித்தபடி பிற தளங்களில் மூலப் படிகள் நீடித்தன.

டெபியன், எழுத்துருக்களுக்குப் பதிலாக ஒரு நிறுவிப் பொதியை மட்டும் வழங்கியது. அது பயனரின் கணினியிலேயே கோப்புகளைப் பதிவிறக்கிப் பிரித்தெடுக்கும். அந்நிறுவி கட்டற்றதாயினும், கட்டற்றதல்லாத தரவைச் சார்ந்திருப்பதால் முதன்மைப் பிரிவில் அன்றி 'கான்ட்ரிப்' பிரிவில் வைக்கப்பட்டது. இணைய இணைப்பு இல்லாதவருக்கு இம்முறை உதவாது. எழுத்துருவில் பிழை காணப்பட்டாலும் வழங்கல் அதைத் திருத்தி வெளியிட இயலாது.

ரெட் ஹாட் நிறுவனம் 2007 இல் லிபரேசன் எழுத்துருக்களை வெளியிட்டது. இவற்றின் எழுத்து அகலங்கள் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ ஆகியவற்றுடன் ஒத்திருப்பதால், எழுத்துருவை மாற்றினாலும் ஆவணத்தின் வரிகளும் பக்கங்களும் பெரும்பாலும் இடம்பெயர்வதில்லை.

ஆட்டத் தரவுகள்

1993 இல் வெளியான டூம் ஆட்டத்தின் மூலநிரல் 1997 இல் வெளியிடப்பட்டு, 1999 இல் குனூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வந்தது. ஆனால் தளங்கள், படங்கள், ஒலிகள் அடங்கிய 'வாட்' கோப்புகள் அவ்வுரிமத்தில் சேரவில்லை. ஆகவே நிரலைப் பெற்றவரும் ஆட்டத்தை விளையாடத் தரவை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. முதற்பகுதி மட்டும் அடங்கிய இலவசப் பதிப்பைப் பகிரலாம் எனினும் மாற்ற இயலாது. ஆதலால் டெபியன் அதைக் கட்டற்றதல்லாத பிரிவில் வைத்தது.

பின்னர் தன்னார்வலர்கள் ஃப்ரீடூம் என்ற திட்டத்தில் புதிய தளங்களையும் படங்களையும் ஒலிகளையும் உருவாக்கி, திருத்திய பிஎஸ்டி உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். இதனால் டூம் நிரலைக் கட்டற்ற தரவுடன் சேர்த்து முதன்மைப் பிரிவிலேயே வழங்க முடிந்தது.