கொடியில் நின்ற துலாக்கோல்

அரபு மொழியில் கொடிக்கு ‘ராயத்’ என்றும் ‘லிவா’ என்றும் பெயர்கள் உண்டு. எப்பெயரால் வழங்கினும், தலைவனின் கொடி அவன் இருக்குமிடத்தை அறிவிக்கும். அவன் எதன் பொருட்டு அங்கிருக்கிறான் என்பதையும் அறிவித்தல் வேண்டும். நம் குடியரசுத் தலைவருக்கும் இத்தகைய தனிக்கொடி ஒன்று இருந்ததை இளையோர் பலர் அறியார்.

ஆங்கிலேய வைசிராயின் கொடி யூனியன் ஜாக்கின் நடுவே விண்மீன் சின்னம் பொறித்தது. மவுண்ட்பேட்டனும் இராஜாஜியும் கவர்னர் ஜெனரலாக இருந்தபோதும் கருநீலத் துணியில் ஆங்கில முடியரசின் கிரீடமும் சிங்கமுமே நின்றன. 1950 ஜனவரி 26 அன்று குடியரசு பிறந்தது, கொடியும் மாறியது.

புதிய கொடி நான்கு கட்டங்களாக அமைந்தது. மேலே, நீலத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள். சிவப்பில் அஜந்தா யானை. கீழே, சிவப்பில் தில்லிச் செங்கோட்டையின் துலாக்கோல். நீலத்தில் சாரநாத்தின் தாமரைக் கும்பம். யானை பொறுமையையும் வலிமையையும், துலாக்கோல் நீதியையும் சிக்கனத்தையும், கும்பம் வளத்தையும் குறித்தன.

துலாக்கோலின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. ஷாஜஹான் 1648இல் முடித்த செங்கோட்டையில், மன்னரின் உறைவிடமான காஸ் மஹலின் பளிங்குத் தடுப்பில் அது செதுக்கப்பட்டுள்ளது. ‘மீஸானே அத்ல்’, அதாவது நீதியின் தராசு, என்பது அதன் பெயர். இரண்டும் அரபுச் சொற்கள். இணைப்பு பாரசீக முறை. ‘மீஸான்’ என்பதன் வேர் எடையைக் குறிக்கும் ‘வஸ்ன்’. திருமறையின் 55ஆம் அத்தியாயத்தில் வானத்தை அடுத்தே மீஸான் கூறப்படுவதை ஓதுவோர் அறிவர். அரசன் தன் இல்லத்திலும் மறக்கலாகாதது எனச் செதுக்கிய அத்தராசைக் குடியரசு தன் தலைவரின் கொடியில் ஏற்றுக்கொண்டது. இராஜேந்திர பிரசாத், இராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், வி.வி. கிரி ஆகியோர் அக்கொடியின்கீழ்ப் பணியாற்றினர்.

1971 ஆகஸ்டு 15 அன்று அது நீக்கப்பட்டது. அன்றுமுதல் குடியரசுத் தலைவருக்கும் தேசியக் கொடியே கொடி. நம் முன்னோரின் சின்னம் போயிற்றே என வருந்துவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 2002 முதல் எளிய குடிமகனும் எந்நாளும் தன் இல்லத்தில் தேசியக் கொடியை ஏற்றலாம். தலைவருக்கும் குடிமகனுக்கும் கொடி ஒன்றே என்பதும் ஒருவகைச் சமநிலையே அன்றோ? ஆனால் துணியிலிருந்து தராசு இறங்கினும் ஆள்வோர் நெஞ்சிலிருந்து அது இறங்கலாகாது. அளந்து விற்கும் நம் கடைகளிலிருந்தும், வழக்குத் தீர்க்கும் நம் ஜமாஅத்துகளிலிருந்தும் இறங்கலாகாது.

தில்லி செல்லும் பெற்றோர் காஸ் மஹலில் சற்று நின்று, அப்பளிங்குத் தராசைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாக.