மாமி கேட்ட கரண்டும் ஜாதவ்பூர் பீங்கானும்

லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில் கரண்ட் போனால் கீழே டீசல் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். புகை நேராக இரண்டாம் மாடி மாமி வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும். மாமி எழுபது எண்பதுகளின் கல்கத்தா லோட்ஷெட்டிங்கை முழுசாக அனுபவித்தவர். போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார்: "ஏம்ப்பா, ஜாதவ்பூர்ல பீங்கான்லேர்ந்து கரண்ட் எடுக்கறாளாமே, நம்ம பில்டிங்குக்கு ஒண்ணு கொண்டு வரப்படாதோ?"

நல்ல கேள்வி. காபி ஆறுவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

மாமி சொன்ன இடம் மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிலையம். 1950-ல் திறந்தது. ஆத்மா ராம் இயக்குநராக இருந்தபோது லென்ஸுக்கான ஒளியியல் கண்ணாடியை நம் நாட்டிலேயே உருக்கிக் காட்டிய இடம். 1959-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கண்ணாடி, பீங்கான் அனுபவத்தின் மேல்தான் பின்னாளில் திட ஆக்சைடு எரிபொருள் செல் ஆராய்ச்சி வந்தது.

செல் என்பது பார்க்க ஒரு தட்டையான பீங்கான் வில்லைதான். நடுவில் சிர்கோனியா. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஹைட்ரஜனோ எரிவாயுவோ. 700 முதல் 1000 டிகிரி வரை சூடாக்கினால் ஆக்சிஜன் அயனிகள் சிர்கோனியாவை ஊடுருவி எரிபொருள் பக்கம் போகும், வெளிச்சுற்றில் மின்சாரம் ஓடும். தீ இல்லை, பிஸ்டன் இல்லை, சத்தம் இல்லை. ஒரு செல் ஒரு வோல்ட்கூடத் தராது என்பதால் தோசை மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள்.

இந்தப் பொருளுக்கு வயசு அதிகம். 1890-களின் கடைசியில் ஜெர்மனியில் வால்தர் நெர்ன்ஸ்ட் இதை வைத்து விளக்கு செய்தார். 1937-ல் சுவிட்சர்லாந்தில் பவர், பிரைஸ் என்ற இருவர் 1000 டிகிரியில் முதல் செல்லை ஓட்டினார்கள். ஆக, மின்சாரம் வருமா என்ற கேள்வி அப்போதே தீர்ந்துவிட்டது. எத்தனை மணி நேரம் வரும் என்பதுதான் அதற்குப் பிறகான சரித்திரம் முழுவதும்.

முதல் தலைவலி, வாயு கசிவு. பிரஷர் குக்கர் காஸ்கெட் சில வருஷத்தில் இறுகி விரிசல் விடுகிறதே, அது நூற்றுச் சொச்சம் டிகிரியில். இங்கே 800 டிகிரியில் ரப்பருக்கு என்ன வேலை? அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி, ஒரு முனை மூடிய குழாயாகச் செல்லைச் செய்து இந்த அடைப்பையே தவிர்த்தது. அந்த வகை 100 கிலோவாட் யூனிட் 1997 முதல் 2000 வரை நெதர்லாந்தில் 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஆனால் குழாய்க்கு ஆகும் செலவு அதிகம், மின்சாரம் சுற்றி வரும் தூரமும் அதிகம். தட்டை வில்லைக்குத் திரும்பினார்கள். காஸ்கெட் பிரச்சினையும் கூடவே திரும்பி வந்தது :-)

தட்டைச் செல்லில் அடைப்புக்குக் கண்ணாடியைத்தான் பயன்படுத்துகிறார்கள். சூட்டில் இளகி இடுக்கை நிரப்பும். ஆனால் ஆயிரக்கணக்கான மணி நேரம் சூட்டிலேயே இருந்தால் அதே கண்ணாடி மெல்லப் படிகமாகி, விரியும் சுருங்கும் குணம் மாறிவிடும். பேரியம் கலந்த கண்ணாடி என்றால் பக்கத்து ஸ்டீலில் உள்ள குரோமியத்தோடு சேர்ந்து மஞ்சளாகப் பேரியம் குரோமேட் உண்டாகும். அது கண்ணாடியைவிட அதிகமாக விரியும், ஒட்டு விட்டுப்போகும்.

குரோமியத்தின் விஷமம் அதோடு நிற்பதில்லை. ஆவியாகிக் காற்றுப் பக்க மின்முனையில் படிந்து வேலையைக் கெடுக்கும். அதனால் ஸ்டீலுக்கே ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசுகிறார்கள். எரிபொருள் பக்கம் இருப்பது நிக்கல். பொடிப்பொடியாகப் பரவியிருந்தால்தான் அதற்கு வேலை. சூட்டில் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகி, நிக்கலின் தொடர்ச்சி அங்கங்கே அறுந்துவிடும். எரிவாயுவில் கந்தகம் கொஞ்சம் இருந்தாலும் நிக்கல் சுணங்கும்.

ஜாதவ்பூர்க்காரர்கள் கைவைத்தது இங்கேதான். நிக்கலையும் சிர்கோனியாவையும் சும்மா கலக்காமல், ஒவ்வொரு சிர்கோனியாத் துகள் மேலும் நிக்கலைப் பூசினார்கள். மின்சாரம் பாய்கிற அளவுக்கு வழக்கமாகச் சுமார் 30 சதவீத நிக்கல் வேண்டும். பூசும்போது அதைவிடக் குறைவே போதும். நிக்கல் குறைந்தால் சூட்டிலும் குளிரிலும் விரிசல் விடும் ஆபத்தும் குறையும். அடைப்புக் கண்ணாடியிலும் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள், அது அவர்கள் குலத்தொழில் மாதிரி.

இதெல்லாம் எதற்கு என்றால், ஒரு சின்னக் கணக்கு. இந்த மாதிரிக் கருவியிடம் 40,000 மணி நேரம், அதாவது நாலரை வருஷத்துக்கு மேல், எதிர்பார்க்கிறார்கள். 1000 மணிக்கு 1 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் கடைசியில் 40 சதவீதம் காலி. கால் சதவீதம் என்றால் 10-தான் போகும்.

ஜெர்மனியில் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் 2007 ஆகஸ்டில் ஒரு சின்ன அடுக்கை 700 டிகிரியில் ஓடவிட்டார்கள். 2019 ஜனவரியில் நிறுத்தியபோது சுமார் 1,00,000 மணி நேரம் ஆகியிருந்தது. குறைவு, சராசரியாக 1000 மணிக்கு அரை சதவீதம் அளவில். உள்ளே எது எப்படிக் கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே அதை நிறுத்தினார்கள்.

மாமிக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. அந்த அடுக்கு வருஷக்கணக்காகச் சூட்டிலேயே இருந்தது. நம் ஜெனரேட்டரின் உத்தியோகமோ, கரண்ட் போனவுடன் எழுந்து, வந்தவுடன் படுப்பது. பீங்கான் செல்லை உடைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒவ்வொரு முறை ஆறிச் சூடாகும்போதும் ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். தவிர, பதமாகச் சூடாக்கவே மணிக்கணக்காகும். அதற்குள் கரண்டே வந்துவிடும். ஜப்பானில் ஓசாகா கேஸ் 2012-ல் வீடுகளுக்கு விற்க ஆரம்பித்த செல்கூட, நாள் முழுக்க ஓடி வெந்நீரும் தருகிற வகைதான்.

அதனால் இது ஜெனரேட்டருக்கு மாற்று இல்லை, மெயின் கரண்டுக்குத்தான் மாற்று என்றேன். "அப்ப பைப்புல கேஸ் வரணுமே" என்றார் மாமி. வரணும்தான்.